லான் பவுல்ஸ் தளத்தை யார் பராமரிப்பது? உறுப்பினர்களா, மாலியா, ஒப்பந்தக்காரரா, செயற்கைப் புல்லா

போன குளிர்காலத்தில் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் துவாரகாவில் ஒரு குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். இன்னொருவர் மயூர் விகாரில் இருக்கும் என் பழைய அலுவலக நண்பர். மூன்றாமவர் நொய்டாக்காரர், அவருக்கு இன்னும் தளமே இல்லை, போடலாமா என்ற யோசனைதான். "சார், புல்லை நாங்களே பார்த்துக்கொள்ளலாமா, மாலி வைக்கலாமா, மொத்தமாக யாரிடமாவது கொடுத்துவிடலாமா? இல்லை, பச்சைக் கம்பளத்தை விரித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா?" மாலி என்றால் டெல்லிப் பேச்சில் தோட்டக்காரர்.

ஒன்பது ஆண்டுகளாக எங்கள் மன்றத்தின் புல்தளத்துக்கு நான் பொறுப்பாளர். பொறுப்பு என்றால் பெரும்பாலும் திட்டு வாங்கும் பொறுப்பு. இந்த நான்கில் மூன்று வழிகளை நாங்களே செய்து பார்த்திருக்கிறோம். நான்காவதற்கு விலைப்புள்ளி வாங்கி, பொதுக்குழுவில் சண்டை போட்டு, கைவிட்டோம்.

லான் பவுல்ஸ் ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு பக்கம் சாய்ந்து ஓடும்படி செய்த, ஒன்றரைக் கிலோ அளவுள்ள பவுலை உருட்டி, ஜாக் என்ற சின்னப் பந்துக்கு மிக அருகில் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். 2010 காமன்வெல்த் போட்டிக்காக ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் தளம் போட்டபோதுதான் டெல்லியில் எங்களில் பலர் இதன் பெயரையே கேட்டோம். 2022 ஆகஸ்ட் 2 அன்று பர்மிங்காமில் இந்தியப் பெண்கள் நால்வர் அணி தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்று தங்கம் வாங்கியது. அந்த வாரமே எங்கள் மன்றத்தில் பதினோரு பேர் சேர்ந்தார்கள். தீபாவளிக்கு அவர்களில் நான்கு பேர் மிஞ்சியிருந்தார்கள்.

## முதலில் அளவுகோல்கள்

எல்லோரும் "எவ்வளவு செலவாகும்?" என்றுதான் தொடங்குகிறார்கள். நான் அதை மூன்றாவதாக வைப்பேன்.

ஜூன் மாதம் காலை ஐந்தரை மணிக்குத் தளத்தில் யார் இருப்பார்? டெல்லியில் புல்லுக்கு மிகக் கடினமான காலம் மே நடுவிலிருந்து பருவமழை வரும்வரை. வெயில் 45 டிகிரியைத் தொடும், கூடவே லூ என்ற அனல் காற்று. எங்கள் தளம் 34 மீட்டருக்கு 34 மீட்டர், அதாவது 1,156 சதுர மீட்டர். ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் நீர் கொடுக்க வேண்டுமென்றால் 5,780 லிட்டர். சாதாரண டேங்கர் ஒன்றுக்கு மேலேயே ஆகிவிடும். இதைத் தினமும், வெயில் ஏறுவதற்குள் பாய்ச்சியாக வேண்டும்.

விஷயம் யார் தலையில் இருக்கிறது? வீட்டுப் புல்வெளி வேறு, பவுல்ஸ் தளம் வேறு. பவுல்ஸ் தளத்தில் புல்லின் உயரம் 4 மில்லிமீட்டர் வாக்கில் இருக்க வேண்டும். ஒரு வெட்டில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது புல்வெளிக்காரர்களின் பழைய கணக்கு. அதன்படி 6 மில்லிமீட்டர் ஆவதற்குள் வெட்டியாக வேண்டும். ஜூலை மழையில் அந்த இரண்டு மில்லிமீட்டர் இரண்டே நாளில் வளர்ந்துவிடும். நான்கு நாள் விட்டுவிட்டு ஐந்தாம் நாள் பழைய உயரத்துக்கு வெட்டினால், பச்சை போய் அடித்தண்டு பழுப்பாகத் தெரியும். அது ஆறப் பத்துப் பதினைந்து நாள் ஆகும்.

ஆண்டு முழுவதற்குமான செலவு. மாதச் செலவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். வெட்டும் இயந்திரத்துக்குச் சாணை பிடிப்பது, மணல், விதை, டேங்கர், இவை எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நிற்காது. அதனால் யார் கண்ணிலும் படாது.

அடிபட்டால் யார் பொறுப்பு? எழுபது வயதுக்காரர் ஒருவர் தளத்தைச் சுற்றியுள்ள ஓரப் பள்ளத்தில் கால் தவறி விழுந்த பிறகுதான் நாங்கள் இதை யோசித்தோம்.

உறவு. மன்றம் என்பது புல்லுக்காக இல்லை, ஆட்களுக்காக. இதை அளக்க முடியாது. ஆனாலும் மற்ற எல்லாவற்றையும் இதுதான் கவிழ்க்கும்.

## வழி 1: உறுப்பினர்களே செய்வது

எங்கள் மன்றத்தில் பாதிப் பேர் தமிழர்கள், பெரும்பாலும் மத்திய அரசு அலுவலகங்களில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். மலை மந்திர் முருகன் கோயிலில் கைங்கர்யம் செய்து பழகியவர்களும் அவர்களில் உண்டு. "உழவாரப் பணி மாதிரிதான், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடினால் முடிந்துவிடும்" என்று ஒரு மாமா சொன்னதும் கைதட்டல். அப்பர் உழவாரத்தை வைத்துக்கொண்டு புல்லைச் செதுக்கி எடுத்தார், நமக்கோ அந்தப் புல்லைக் காப்பாற்ற வேண்டும் என்ற வித்தியாசத்தை அன்று யாரும் யோசிக்கவில்லை.

பெயர் கொடுத்தவர்கள் இருபத்திரண்டு பேர். மூன்றாம் மாதம் தவறாமல் வந்தவர்கள் ஐந்து பேர். இதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. வேலை அப்படி. அரை மீட்டர் அகலமுள்ள மோவரை (புல் வெட்டும் இயந்திரத்தை) வைத்து 34 மீட்டர் தளத்தை வெட்ட, ஓரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதையும் சேர்த்தால் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நேர்க்கோட்டில் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் வாரம் நான்கு முறை, அதாவது பத்துக் கிலோமீட்டர். நடைப்பயிற்சிக்குப் பத்துக் கிலோமீட்டர் போகிறவர்கள் எங்களிடம் உண்டு. ஆனால் கோணாமல் நடக்கிறவர்கள் இரண்டே பேர். அப்புறம் நீர் பாய்ச்சல், ஓரப் பள்ளம் சுத்தம் செய்வது, ஆந்தி என்ற புழுதிப் புயல் அடித்த மறுநாள் தூசியும் சருகும் அள்ளுவது என்று, கோடையிலும் மழைக்காலத்திலும் வாரத்துக்கு இருபது மணி நேரம் வரை போய்விடும்.

இதில் தெரியும் செலவு மிகக் குறைவு. பெட்ரோல், உரம், தேநீர், போளி. தெரியாத செலவுதான் பெரிது.

முதலாவது, மே மாதம். பள்ளிகளுக்கு மே நடுவில் லீவு விட்டால் ஜூன் கடைசிவரை. பேரன் பேத்திகளோடு ஊருக்குப் போக வேண்டும், கல்யாணங்கள், குலதெய்வம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் ஜி.டி. எக்ஸ்பிரஸும் எங்கள் பராமரிப்புக் குழுவை அப்படியே ஏற்றிக்கொண்டு போய்விடும். எங்கள் முதல் கோடையில் ஜூன் 10 வாக்கில் டெல்லியில் மிஞ்சியது நானும், முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீட்டில் இருந்த ஒருவரும்தான். அவர் மாடியில் இருந்து பார்த்துத் தளத்தின் நிறத்தைத் தொலைபேசியில் சொல்வார். "வடமேற்கு மூலை வைக்கோல் ஆகிவிட்டதுப்பா."

இரண்டாவது, ஆர்வக்கோளாறு. நல்ல மனசோடு செய்த காரியம் என்பதால் யாரும் கேட்க முடியாது. ஒரு செப்டம்பரில், புல் வெளுத்துத் தெரிகிறது என்று ஒருவர் யூரியா தூவினார். சதுர மீட்டருக்கு 5 கிராம் நைட்ரஜன் என்று வைத்தால் எங்கள் தளம் முழுவதற்கும் பன்னிரண்டரைக் கிலோ யூரியாவே போதும். அவர் இருபது கிலோவுக்கு மேல், அதுவும் கையால், மதிய வெயிலில் தூவிவிட்டு, நீர் பாய்ச்சாமல் சாப்பிடப் போனார். அவர் நடந்த வழியும் கை வீசிய அளவும் ஒரு மாதத்துக்குப் பழுப்புக் கோடுகளாகத் தளத்தில் இருந்தன. அந்த மாதம் முழுவதும் அவர் ஆட வரவில்லை. புல் சரியாகிவிட்டது, அவரைத் திரும்ப அழைத்து வரத்தான் கூடுதல் நாள் ஆனது.

மூன்றாவது, காற்று. தீபாவளியை ஒட்டிய வாரங்களில் காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தொடும் நாட்கள் வருகின்றன. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களைக் காலை ஆறு மணிக்கு மோவர் பின்னால் நடக்கச் சொல்வது தப்பு. அந்த மாதங்களில் வேலையைப் பதினோரு மணிக்கு மேல் தள்ளினோம். சிலரை வரவே வேண்டாம் என்று சொன்னோம். அவர்கள் கோபித்துக்கொண்டார்கள், சரி, பரவாயில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: தளத்தில் வேலை செய்த உறுப்பினருக்குத்தான் தளம் புரிகிறது. மூன்றாவது ரிங்க்கில் (தளத்தை நீளவாக்கில் பிரித்த ஆடுபாதைகளில் ஒன்று ரிங்க்) பந்து ஏன் கடைசியில் இடப்பக்கம் நழுவுகிறது என்று மண்ணைத் தொட்டவருக்குத் தெரியும். தன்னார்வலர்கள் நன்றாகச் செய்யும் வேலைகளும் உண்டு. தள வேகத்தை அளப்பது அதில் ஒன்று. பவுல் கையை விட்டு 27 மீட்டர் உருண்டு நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். விநாடி கூடினால் தளம் வேகமானது என்று அர்த்தம். கேட்கத் தலைகீழாக இருக்கும். ஆனால் வழுக்கும் தளத்தில் மெல்ல விட்டாலே போதும், பந்து நின்று நிதானமாக உருளும். எங்கள் தணிக்கைத் துறை மாமி ஒருவர் இதை ஞாயிறுதோறும் குறித்து வைக்கிறார். ஏழு ஆண்டுக் குறிப்பேடு அது. எந்த ஒப்பந்தக்காரரும் வாக்குவாதத்தில் அந்த நோட்டை வென்றதில்லை.

இது பொருந்துவது: தளம் சிறியது, பாதியளவு, உறுப்பினர்களில் ஏழெட்டுப் பேராவது கோடையிலும் டெல்லியிலேயே இருப்பவர்கள், புல்லைப் பற்றித் தெரிந்த ஒருவர் இருக்கிறார், அவர் பேச்சை மற்றவர்கள் கேட்கிறார்கள். கடைசி நிபந்தனைதான் அரிது.

## வழி 2: சொந்தமாக ஒரு மாலி

டெல்லியில் மாலி கிடைப்பது எளிது. தளத்து மாலி கிடைப்பதுதான் கடினம். பூந்தொட்டியும் ரோஜாவும் வேலிச் செடியும் பார்த்தவரிடம் 4 மில்லிமீட்டர் புல்லைக் கொடுத்தால், "சாப், இவ்வளவு ஒட்ட வெட்டினால் செத்துவிடும்" என்பார். அவர் பயிற்சிப்படி அவர் சொல்வது சரிதான். கோல்ஃப் மைதானத்தில் குழியைச் சுற்றியுள்ள கிரீனில் வேலை பார்த்தவர் கிடைத்தால் விடாதீர்கள். அங்கேயும் இதே புல், இதே மாதிரி உருளைக் கத்தி மோவர், ஏறக்குறைய இதே உயரம்.

புல் என்றதும் ஒரு விஷயம். வட இந்திய மாலிகள் 'தூப்' என்று சொல்வது நம் அருகம்புல்தான். தளத்தில் போடும் டிஃப்ட்வார்ஃப் போன்றவை அருகம்புல்லை அதன் ஆப்பிரிக்க உறவோடு கலந்து எடுத்த குட்டை ரகங்கள். ஒரு விநாயகர் சதுர்த்தி அன்று அதிகாலையில் பிளாஸ்டிக் பையோடு ஒரு மாமி தளத்தில் குனிந்திருந்தார். நான்கு மில்லிமீட்டரில் கிள்ள ஒன்றும் கிடைக்காமல், "இது என்ன பிள்ளையாருக்கே ஆகாத அருகம்புல்" என்று திட்டிவிட்டுப் போனார்.

சம்பளக் கணக்குக்கு வருவோம். டெல்லி அரசு 2025 ஏப்ரலில் அறிவித்த குறைந்தபட்ச ஊதியம், திறன் தேவையில்லாத வேலைக்கு மாதம் 18,456 ரூபாய், திறனுள்ளவருக்கு 22,411 ரூபாய். பல மன்றங்கள் மாலியை முதல் பட்டியலில் போடுகின்றன. மில்லிமீட்டர் கணக்கில் வெட்டுபவரைத் திறனில்லாதவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 22,411 ரூபாயும், தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளமும் என்று வைத்தால் ஆண்டுக்கு 2,91,343 ரூபாய். எங்களைப் போல் அறுபது உறுப்பினர்கள் இருந்தால் ஆளுக்கு ஆண்டுக்கு ஐயாயிரத்துக்குள் அடங்கும். "ஐயாயிரமா!" என்பவர்களிடம், ஒரு ஜோடி நல்ல விளையாட்டுக் காலணி என்ன விலை என்று கேட்பேன்.

மறைந்திருக்கும் செலவு இங்கேயும் உண்டு. மாலி ஊருக்குப் போவார். எங்கள் மாலி பீகார்க்காரர். சட் பூஜைக்குப் போகாமல் இருக்கச் சொன்னால், பொங்கலுக்கு நம்மை அலுவலகத்துக்கு வரச் சொன்ன மாதிரி. தீபாவளிக்கு ஆறாம் நாள் அது. போக வர, வீட்டு வேலை பார்க்க என்று பதினைந்து நாள், இருபது நாள் ஆகும்.

இதில் சிக்கல் என்னவென்றால், டெல்லியில் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரைதான் ரை புல் விதை தூவும் நேரம். குளிரில் அருகம்புல் உறங்கிப் பழுப்பாகிவிடும். அதன் மேலே ரை புல்லை வளர்த்தால் மார்ச் வரை பச்சை இருக்கும், ஏப்ரல் வெயிலில் அது தானாக மடியும், அதற்குள் அருகு விழித்துக்கொள்ளும். சதுர மீட்டருக்கு 40 கிராம் என்று கணக்கிட்டாலே எங்களுக்கு 46 கிலோ விதை. தூவிய பிறகு பத்து நாள் மேல்மண் காயவே கூடாது, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை லேசாகத் தெளிக்க வேண்டும். அந்தப் பத்து நாளில்தான் மாலி ரயிலில் இருப்பார்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு ஆண்டு பிடித்தது. மே, ஜூனில் உறுப்பினர்கள் இல்லை, மாலி இருக்கிறார். அக்டோபர் கடைசியில் மாலி இல்லை, உறுப்பினர்கள் இருக்கிறார்கள். நவராத்திரி கொலு முடிந்து, தீபாவளி பட்சணம் முடிந்து, எல்லோரும் வீட்டில்தான். இரண்டு காலண்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், 'இதுவா அதுவா' என்று இரண்டு பொதுக்குழுக்களை வீணடித்திருக்கிறோம்.

இன்னொன்று, மாலியின் எஜமானர்கள். அறுபது உறுப்பினர்களும் அவருக்கு உத்தரவு போடுவார்கள். ஒருவர் நீர் அதிகம் என்பார், அடுத்தவர் நீர் குறைவு என்பார். ஒருவர் தன் வீட்டு மாடித் தோட்டத்துக்கு 'ஐந்து நிமிஷம்' அழைத்துப் போவார். எங்கள் முதல் மாலி இதனால்தான் போனார். மாலியிடம் பேசுபவர் ஒரே ஒருவர் என்று தீர்மானம் போட்டு, அதைச் சுவரில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒட்டினோம்.

இது பொருந்துவது: முழு அளவுத் தளம், நாற்பது பேருக்கு மேல் உறுப்பினர்கள், நீருக்கு நிலையான ஏற்பாடு.

## வழி 3: ஆண்டு ஒப்பந்தம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காகிதத்தில் இதுதான் மிக அழகாக இருக்கும்: ஆள், இயந்திரம், உரம், மருந்து எல்லாம் அவர்களுடையது. மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆள் லீவு போட்டால் மாற்று ஆள் வருவார்.

அந்த மாற்று ஆள்தான் பிரச்சினை. எங்களுக்கு ஒரு நிறுவனம் பதினோரு மாதத்தில் ஆறு பேரை அனுப்பியது. ஒருவர் தோளில் மாட்டும் பிரஷ் கட்டரோடு வந்து, தளத்தின் நடுவில் சாவகாசமாகத் தொடங்கினார். நான் ஓடிப் போய் நிறுத்துவதற்குள் ஒரு மேசை அகலத்துக்கு மண் தெரிந்தது. இன்னொருவர் தளத்தின் மேலேயே நிறுத்திப் பெட்ரோல் ஊற்றினார். சிந்திய இடத்தில் உள்ளங்கை அளவு வட்டமாகப் புல் செத்தது. நிறுவனத்தைக் கேட்டால் ஒப்பந்தத்தில் 'புல்வெளிப் பராமரிப்பு' என்றுதான் இருக்கிறது என்றார்கள். அது உண்மை. உயரம் எத்தனை மில்லிமீட்டர், வாரம் எத்தனை வெட்டு, எந்த வகை மோவர், தளவேகம் எத்தனை விநாடிக்குக் கீழே போகக் கூடாது என்று நாங்கள்தான் எழுதியிருக்க வேண்டும்.

நீங்கள் ஒப்பந்தம் போடுவதானால் அந்த நான்கையும் எழுதி வாங்குங்கள். மாதக் கடைசியில் பணம் கொடுக்கும் முன் உங்கள் ஆள் ஒருவர் அளந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றும் எழுதுங்கள்.

இது பொருந்துவது: தளத்தோடு பூங்கா, டென்னிஸ், நீச்சல் குளம் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கும் பெரிய குடியிருப்புகள். ஆண்டுக்கு ஒரே முறை செய்யும் கனமான வேலைகளுக்கு, அதாவது மண்ணில் துளை போடுவது, அடிநாரைக் கீறி எடுப்பது, மணல் பரப்புவது போன்றவற்றுக்கு, இயந்திரம் வைத்திருக்கும் ஒப்பந்தக்காரரை நாங்களும் இப்போது கூப்பிடுகிறோம். அதற்காக அந்த இயந்திரங்களை வாங்கிப் பூட்டி வைப்பது பைத்தியக்காரத்தனம்.

## வழி 4: செயற்கைப் புல்

நொய்டாக்காரரின் கேள்வியே இதுதான். "நீர் வேண்டாம், மாலி வேண்டாம், மழையிலும் ஆடலாம்." பன்னாட்டு விதிகள் செயற்கைத் தளத்தையும் ஏற்கின்றன, அதனால் 'இது ஆட்டமே இல்லை' என்று என் நண்பர்கள் போடும் கூச்சலில் நியாயம் இல்லை. நிலத்தடி நீர் எடுக்க அனுமதி தேவைப்படும் டெல்லியில், நீர்க்கணக்கை ஒருவர் நேர்மையாகப் போட்டால் கம்பளம் பக்கம் மனசு சாய்வது இயல்பு.

ஆனால் வெயிலைக் கணக்கில் சேருங்கள். நேர் வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். உயிருள்ள புல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும், பிளாஸ்டிக்குக்கு அந்த வித்தை தெரியாது. மே மாதம் காலை ஒன்பது மணிக்கு மேல் அதில் ஆட முடியாது. மாலையில் ஆறரைக்கு மேல் விளக்குப் போட்டு ஆடலாம், அப்படியானால் விளக்குச் செலவைச் சேருங்கள்.

தூசியையும் சேருங்கள். ராஜஸ்தான் பக்கத்து மண் ஆந்தியில் வந்து இழைகளுக்குள் இறங்கிவிடும். பெருக்கினால் போகாது. உறிஞ்சும் இயந்திரம் வேண்டும், நடுநடுவே கழுவவும் வேண்டும். ஆக, நீரே வேண்டாம் என்பது விற்பவரின் பேச்சு. வேப்பமரம் பக்கத்தில் இருந்தால் பழம் விழும் மாதத்தில் கம்பளம் என்ன பாடு படும் என்று நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்.

மிகப் பெரிய மறைசெலவு அடித்தளம். கம்பளத்துக்குக் கீழே ஜல்லி அடுக்கு ஒரே மட்டமாக, நீர் வடியும்படி இருக்க வேண்டும். 2024 ஜூன் 28 அன்று டெல்லி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 228 மில்லிமீட்டர் மழை பெய்தது. எங்கள் தளத்தின் மேல் மட்டும் அப்படிப் பெய்தால் இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல். எங்கள் ஓரப் பள்ளம் நிரம்பி, சாலைச் சேறு உள்ளே வந்தது. மணல் அடுக்கு இருந்ததால் மூன்றாம் நாள் நடக்க முடிந்தது. நான்கு மில்லிமீட்டர் புல்லில் இருந்து சேற்றை எடுப்பது இன்னொரு கதை. அதே மழை, அரைகுறையாகப் போட்ட ஜல்லியின் மேல் விழுந்தால் கம்பளம் அலை அலையாகிவிடும், மட்டம் போனால் ஆட்டமே போச்சு. சரியாகப் போட்டாலும் பத்து ஆண்டு வாக்கில் கம்பளத்தை மாற்ற வேண்டும். அந்தப் பணத்தை முதல் ஆண்டிலிருந்தே ஒதுக்கும் மன்றம் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

இது பொருந்துவது: நீருக்கு வழியே இல்லாத இடம்; மேலே நிழற்கூரை போட முடிகிற இடம்; மாலையில் மட்டும் ஆடுபவர்கள்; முதலில் ஒரு பெரிய தொகை கையில் இருந்து, பிறகு மாதந்தோறும் பணம் புரட்ட முடியாத சங்கம். நொய்டாக்காரருக்கு நான் இதையே சொன்னேன், இரண்டே ரிங்க் போதும் என்ற நிபந்தனையோடு.

## ஒரே பார்வையில்

| | உறுப்பினர்களே | சொந்த மாலி | ஒப்பந்தம் | செயற்கைப் புல் |
|---|---|---|---|---|
| ஜூன் காலையில் ஆள் | பெரும்பாலும் ஊரில் | உண்டு | உண்டு, ஆனால் யாரோ | தேவை குறைவு |
| ரை விதைப்பு நேரத்தில் ஆள் | உண்டு, புகை கவனம் | சட் பூஜைக்கு ஊரில் | எழுதி வாங்கினால் | தேவையில்லை |
| தொழில் அறிவு | ஓரிருவரிடம் | நல்லவர் கிடைத்தால் மிக உயர்வு | ஆளுக்கு ஆள் மாறும் | போடுபவரைப் பொறுத்தது |
| தெரியும் செலவு | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் | முதலில் மிக அதிகம் |
| மறைந்த செலவு | தப்பு மருந்து, மனவருத்தம் | விடுப்பு, பல எஜமானர்கள் | தெளிவில்லாத ஒப்பந்தம் | அடித்தளம், பத்தாண்டில் மாற்று |
| அடிபட்டால் | மன்றமும் குடும்பமும் முகம் பார்க்க வேண்டும் | மன்றம் ஏற்க வேண்டும் | எழுதியிருந்தால் நிறுவனம் | வழுக்கல் மட்டும் |
| உறவு | கூடும், அல்லது உடையும் | சமாளிக்கலாம் | பாதிப்பில்லை | முதல் பொதுக்குழுவில் சண்டை, பிறகு அமைதி |

## நாங்கள் இப்போது செய்வது

மாலி ஒருவர், முழுநேரம். மோவரை அவரைத் தவிர யாரும் தொடுவதில்லை. உரம், மருந்து இரண்டும் பூட்டிய அலமாரியில். அளந்து கொடுப்பவர் ஒருவர், தூவுபவர் மாலி. யூரியா மாமா இந்த ஏற்பாட்டை முன்மொழிந்தவர் என்பதை அவர் சார்பில் பதிவு செய்கிறேன்.

தன்னார்வலர்களுக்கு மோவர் இல்லாத வேலைகள்: ஓரப் பள்ளம், ரிங்க் எல்லை நூலும் எண்பலகையும், பவுல்கள் துடைத்து அடுக்குவது, தளவேக நோட்டு, கணக்கு, குரங்குகள் கழற்றிப் போடும் நீர்த்தொட்டி மூடியைத் திரும்பப் பூட்டுவது. கடைசி வேலை தினசரி. அக்டோபர் கடைசியில் மட்டும் பன்னிரண்டு பேர் கொண்ட 'விதைக் குழு', பதினைந்து நாளைக்கு. மாலி ஊருக்குப் போகும் முன்னால் விதையைத் தூவி, மெல்லிய மணல் போர்வை போட்டுவிட்டுப் போவார். நீர் தெளிப்பது எங்கள் பொறுப்பு. காலைப் புகையைத் தவிர்க்க முதல் தெளிப்பைக் குழாய்க் கடிகாரத்திடம் விட்டுவிட்டோம், பதினொன்றுக்கும் மூன்றுக்கும் நாங்கள். 2025-ல் தீபாவளி அக்டோபர் 20 அன்றே வந்துவிட்டதால் விதைப்பை ஒரு வாரம் முன்னால் இழுத்தோம். முளைப்பு ஒரே சீராக வந்தது. தென்கிழக்கு மூலையில் மட்டும் மயில் வந்து மண் குளித்தது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

பணம் இல்லாத ஆண்டில் ரை விதையை விட்டுவிடுங்கள் என்றும் சொல்வேன். உறங்கும் அருகம்புல் பழுப்பாக இருந்தாலும் அதில் ஆடலாம், பந்து இன்னும் வேகமாகவே ஓடும். படத்துக்குத்தான் நன்றாக இருக்காது.

நீங்கள் முடிவெடுக்கும் முன் ஒரு காகிதத்தில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் நேரே, உங்களில் யார் ஊரில் இருப்பார்கள், மாலி எப்போது போவார், நீர் எப்போது தட்டும் என்று எழுதுங்கள். எந்த மாதத்துக்கு நேரே ஒரு பெயரும் இல்லையோ அந்த மாதத்துக்கு மட்டும் பணம் செலவழியுங்கள். துவாரகாச் செயலாளர் இதைச் செய்துவிட்டு, "சார், எங்களுக்கு ஜூனே பிரச்சினை இல்லை, ஜனவரிதான். எல்லோரும் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்விடுகிறார்கள்" என்றார். ஜனவரியில் புல் உறங்கும், ரை போடாவிட்டால் யாருமே வேண்டாம். அவருக்கு மாலியே தேவைப்படாமல் போகலாம்.

கழிப்பறையையும் உறுப்பினர்களே பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: அதற்குத் தன்னார்வப் பட்டியல் போட்ட ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் ஏதோ ஒரு கிரகப்பிரவேசம் இருந்தது. வாரம் மூன்று நாள் ஒரு அம்மா வந்து சுத்தம் செய்கிறார். அவருக்கான சம்பளம் தேநீர்க் கணக்கிலிருந்து போகிறது. அதனால்தான் எங்கள் மன்றத்தில் தேநீர் முப்பது ரூபாய்.